அஹ்லி என்றால் நம்மவர்

அல் அஹ்லி என்று சொன்னால் இப்போது பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜித்தா. அல்ஜீரிய வீரர் ரியாத் மஹ்ரெஸ் போய்ச் சேர்ந்த அந்தச் சவுதி அணி. ஆனால் அரபு நாடுகளில் ஊருக்கு ஓர் அஹ்லி உண்டு. திரிபோலியில் ஒன்று, பெங்காசியில் ஒன்று, தோஹாவில் ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் மூத்தது கெய்ரோவில் இருக்கிறது. 1907-ல் பிறந்தது. ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் கோப்பையை 12 முறை வென்றது. எகிப்து லீக்கை 2024-25 பருவம் வரை 45 முறை கைப்பற்றியது. இந்தக் கட்டுரை அந்த கெய்ரோ கிளப்பைப் பற்றியது.

பெயரில் இருந்தே தொடங்கலாம். அரபியில் ‘அஹ்ல்’ என்றால் வீட்டார், உறவுக்காரர்கள், ஓர் ஊரின் சொந்த ஜனம். ‘அஹ்லி’ என்றால் அந்த ஜனத்துக்கு உரியது. ‘தேசிய’ என்று மொழிபெயர்ப்பது வழக்கம், தவறும் இல்லை. எனக்கென்னவோ ‘நம்மவர் கிளப்’ என்று சொன்னால்தான் அந்தச் சொல்லின் சூடு தெரிகிறது. யார் அந்த ‘நம்மவர்’ என்ற கேள்விக்கு இந்தக் கிளப் 100 வருஷத்துக்கு மேலாக வெவ்வேறு பதில்களைச் சொல்லிவந்திருக்கிறது. அதன் கோப்பைகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பதில்கள்தான்.

1906 ஜூன் மாதம். நைல் டெல்டாவில் தின்ஷவாய் என்ற கிராமம். பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் புறா சுட வந்தார்கள். அந்தப் புறாக்கள் கிராமத்து ஜனங்கள் வளர்த்தவை. தகராறு முற்றியது. ஓர் அதிகாரி இறந்துபோனார். சில நாட்களிலேயே சிறப்பு நீதிமன்றம் கூடி, கிராமத்துக்காரர்கள் நான்கு பேரை ஊரார் கண் முன்னாலேயே தூக்கில் போட்டது. பலருக்குச் சவுக்கடி. எகிப்து முழுக்க அது கனலாய்ப் பரவியது. கல்லூரி மாணவர்கள் கூட்டம் கூட்டமாக தேசியவாதத் தலைவர் முஸ்தபா காமில் பக்கம் போனார்கள்.

மாணவர்களுக்கு என்று அதற்கு முந்தைய வருஷமே, 1905-ல், ‘உயர்கல்விப் பள்ளி மாணவர் கழகம்’ என ஒன்று தொடங்கியிருந்தது. அதன் தலைவர் உமர் லுத்ஃபி என்ற வழக்கறிஞர். எகிப்தின் கூட்டுறவு இயக்கத்துக்குத் தந்தை என்று இன்றும் போற்றப்படுபவர். கூடிப் பேச ஓர் இடம் கிடைத்துவிட்டது, சரி, ஓடியாடி உடம்பை வளர்க்க இடம் வேண்டாமா என்று யோசித்தவர் அவர்தான். கெய்ரோவில் விளையாட்டுக் கிளப்புகள் இல்லாமல் இல்லை. நைல் நதிக்கு நடுவே இருக்கும் கெஸிரா தீவில் 1882-லேயே குதிரைப் பந்தயமும் போலோவுமாக ஒரு பெரிய கிளப் வந்துவிட்டது. ஆனால் அது பிரிட்டிஷ் அதிகாரிகளின் உலகம். சொந்த ஊரில் விளையாட எகிப்தியப் பையனுக்கு வாசல் திறக்கவில்லை.

1907 ஏப்ரல் 24 அன்று கீஸாவில் ஒரு வீட்டில் கூடி அல் அஹ்லியைத் தொடங்கினார்கள். வீடு யாருடையது தெரியுமா? நிதி அமைச்சகத்தில் வேலை பார்த்த மிட்செல் இன்ஸ் என்ற ஆங்கிலேயருடையது. கிளப்பின் முதல் தலைவரும் அவரேதான். எகிப்தியருக்கான கிளப்புக்கு ஆங்கிலேயர் தலைவரா என்று கேட்கத் தோன்றும். எல்லாக் கதவுக்கும் சாவி பிரிட்டிஷார் கையில் இருந்த காலம் அது. அரசாங்கத்துக்குள் நம் பக்கம் பேச ஒருவர் வேண்டும் என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறு வருஷமே தலைமை அஸீஸ் இஸ்ஸத் பாஷாவின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை எகிப்தியர்தான். கிளப்பின் பொதுக்குழுவுக்குத் தலைமை ஏற்றவர் அப்போது கல்வி அமைச்சராக இருந்த சஅத் ஸக்லூல். 1919-ல் பிரிட்டிஷாருக்கு எதிராக நாடே எழுந்தபோது முன்னால் நின்ற அதே ஸக்லூல்.

ஆரம்பத்தில் கால்பந்து அங்கே பெரிய விஷயமே இல்லை. முதல் அணி உருவானதே 1911-ல்தான். அந்தக் காலத்து நட்சத்திரம் ஹுசைன் ஹெகாஸி. இங்கிலாந்துக்குப் படிக்கப் போய் டல்விச் ஹேம்லெட் அணிக்கு ஆடினார், ஃபுல்ஹாம் அணிக்காகவும் ஒரு லீக் ஆட்டத்தில் இறங்கினார். ஊர் திரும்பியபின் அஹ்லிக்கு வந்தார். பிற்பாடு எதிரணிக்கும் போனார். கெய்ரோவில் அவர் பெயரில் ஒரு தெருவே உண்டு.

எதிரணி என்றால் ஸமாலெக். அதன் கதையைச் சொல்லாமல் அஹ்லி கதையைச் சொல்ல முடியாது. 1911-ல் ஜார்ஜ் மெர்ஸ்பாக் என்ற பெல்ஜிய வழக்கறிஞர் தொடங்கியது. முதலில் கஸ்ர் எல் நீல் கிளப். சீக்கிரமே பெயர் மாறி ‘முக்தலத்’ ஆனது. முக்தலத் என்றால் கலப்பு, அதாவது எகிப்தியரும் அந்நியரும் சேர்ந்தது. ஒன்று ‘நம்மவர்’, இன்னொன்று ‘எல்லாரும்’. பெயர்ப் பலகையிலேயே இரண்டு எகிப்து. 1941-ல் மன்னர் பெயரில் ‘ஃபாரூக் கிளப்’ ஆனது. 1952-ல் மன்னராட்சி போனபின் ஸமாலெக். இரண்டு அணிகளும் முதன்முதலில் மோதியது 1917 பிப்ரவரி 9 அன்று, அஹ்லி 1-0 என வென்றது. மூன்று வாரம் கழித்து ஸமாலெக் அதே கணக்கில் திருப்பிக் கொடுத்தது. அன்று தொடங்கிய பங்காளிச் சண்டை இன்னும் ஓயவில்லை. எகிப்தில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால், பேச்சு சூடு பிடித்ததும் வருகிற கேள்வி, ‘நீங்கள் அஹ்லாவியா, ஸமல்காவியா?’

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நாம் பேசும் இந்த ‘கிளப்’ ஐரோப்பாவில் பணக்காரர் வாங்கி விற்கும் கால்பந்து கம்பெனி போன்றது அல்ல. அரபியில் ‘நாதி’ என்பார்கள். சுற்றுச்சுவர், வாசல், உள்ளே நீச்சல் குளம், டென்னிஸ் கோர்ட், உள்ளரங்கம், சாப்பாட்டுக் கடைகள், குழந்தைகள் விளையாட இடம். அஹ்லியின் தலைமையகம் இன்றும் அதே கெஸிரா தீவில், கெய்ரோ கோபுரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நகரம் வளர வளர நஸ்ர் சிட்டி, ஷேக் ஸாயித், நியூ கெய்ரோ என்று கிளைகளும் வந்தன. குடும்பமாக உறுப்பினர் ஆகலாம். உறுப்பினர்கள் பொதுக்குழுவில் வாக்களித்துத் தலைவரையும் நிர்வாகக் குழுவையும் தேர்ந்தெடுப்பார்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்கே ஆள் வராத காலங்களில்கூட கிளப் தேர்தலுக்குக் கூட்டம் அலைமோதும்.

இந்தச் சுவருக்குள் கால்பந்து பல விளையாட்டுகளில் ஒன்று. வாலிபாலில் ஆப்பிரிக்காவிலேயே அதிகப் பட்டம் வென்ற கிளப் அஹ்லி. ஹேண்ட்பால், வாட்டர் போலோ, ஜிம்னாஸ்டிக்ஸ், டேபிள் டென்னிஸ் எல்லாவற்றிலும் அணி உண்டு. 2023 மே மாதம் ருவாண்டாவின் கிகாலி நகரில் நடந்த இறுதிப் போட்டியில் செனகலின் ஏ.எஸ். துவான் அணியை வென்று ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீக் கோப்பையை எடுத்தது. அடுத்த பதினைந்தாவது நாள் காசாபிளாங்காவில் கால்பந்து அணியும் ஆப்பிரிக்க சாம்பியன் ஆனது. கூடைப்பந்து ஆட்டத்துக்கும் வாலிபால் ஆட்டத்துக்கும் அதே சிவப்பு, அதே கழுகுச் சின்னம், அதே பாட்டு. ‘நான் அஹ்லாவி’ என்று சொல்பவர் எந்த விளையாட்டு என்று பார்ப்பதில்லை.

1943-க்கு வருவோம். பலர் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். என்னைக் கேட்டால் கிளப்பின் குணம் முழுசாகத் தெரிந்தது அந்த வருஷம்தான். கால்பந்து அணி பாலஸ்தீனத்துக்குப் போய் விளையாட முடிவு செய்தது. அங்கே பிரிட்டிஷ் ஆட்சி, எகிப்திலும் பிரிட்டிஷ் படை, நடுவே உலகப் போர். எகிப்து கால்பந்துச் சங்கத்தின் தலைவர் ஹைதர் பாஷா, அரண்மனைக்கு நெருக்கமானவர், ஃபாரூக் கிளப்புக்கும் அவர்தான் தலைவர். போகக் கூடாது என்றார். அஹ்லி போனது. கூட்டிக்கொண்டு போனவர் முக்தார் எல் தெத்ஷ். ஆள் குள்ளம், பந்து காலில் ஒட்டிக்கொண்டே வரும் என்று பெயர் எடுத்தவர். 1928 ஒலிம்பிக்கில் எகிப்து அரையிறுதி வரை போன அணியிலும், 1934-ல் உலகக் கோப்பையில் இறங்கிய முதல் ஆப்பிரிக்க அணியிலும் ஆடியவர். திரும்பி வந்ததும் சங்கம் வீரர்கள் மீது தடை விதித்தது. கிளப் பணியவில்லை. கெஸிராவில் இருக்கும் கிளப்பின் சொந்த மைதானத்துக்கு இன்று அவர் பெயர்தான். முதல் அணி அங்கே பயிற்சி மட்டும் செய்யும். பெரிய ஆட்டங்களுக்கு கெய்ரோ சர்வதேச ஸ்டேடியம்தான் கதி. ஆப்பிரிக்காவிலேயே அதிகக் கோப்பை வைத்திருக்கும் கிளப்புக்குச் சொந்தமாக ஒரு பெரிய ஸ்டேடியம் இல்லை என்பது இன்னும் தீராத ஏக்கம்.

மன்னரின் ஆட்கள் ஒரு பக்கம் என்றால் அஹ்லி ஏழைகளின் கிளப்பாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1946 முதல் 1961 வரை தலைவராக இருந்த அஹ்மத் அப்பூத் பாஷா எகிப்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். சர்க்கரை ஆலைகள், கப்பல் கம்பெனி எல்லாம் வைத்திருந்தார். அவர் காலத்தில்தான் 1948-ல் எகிப்து லீக் தொடங்கியது. முதல் ஒன்பது பட்டங்களையும் தொடர்ச்சியாக அஹ்லியே எடுத்தது. இடையில் நாட்டில் புரட்சி நடந்து மன்னர் கப்பலேறினார். 1956-ல் கமால் அப்துல் நாஸரைக் கௌரவத் தலைவர் ஆக்கினார்கள். 1961-ல் அதே நாஸரின் அரசு தொழில்களை நாட்டுடைமை ஆக்கியபோது அப்பூத் பாஷாவின் சொத்தும் போனது, கிளப் தலைவர் பதவியும் போனது. நாட்டுக்கு நடந்தது எல்லாம் கிளப்புக்கும் நடந்திருக்கிறது. 1967 போரில் தோற்றபின் லீக் ஆட்டங்களே சில வருஷம் நின்றுபோயின.

அந்த ஒன்பது பட்டங்களின் முகம் ஸாலிஹ் ஸலீம். ‘மாஸ்ட்ரோ’ என்று அழைத்தார்கள். 1958-ல் இஸ்மாயிலியாவின் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஏழு கோல் போட்டவர். சினிமாவிலும் கதாநாயகன், எகிப்தின் புகழ்பெற்ற நடிகை ஃபாத்தின் ஹமாமாவோடு நடித்திருக்கிறார். 1980-ல் கிளப்பின் தலைவர் ஆனார். நடுவில் இரண்டு வருஷம் தவிர 2002-ல் இறக்கும்வரை அவர்தான் தலைவர். ‘அஹ்லி எல்லாருக்கும் மேலே’ என்ற வாக்கியம் இன்று சுவரில், சட்டையில், கொடியில் எங்கும் எழுதப்பட்டிருக்கிறது என்றால் அதற்கு அவர்தான் காரணம்.

அந்த வாக்கியத்துக்கு அவர் கொடுத்த விலையை 1985-ல் ஊரே பார்த்தது. பயிற்சியாளர் விஷயத்தில் நிர்வாகத்துக்கும் முதல் அணி வீரர்களுக்கும் மோதல். நட்சத்திரங்கள் ஒன்றாகச் சேர்ந்து எதிர்த்து நின்றார்கள். எதிரே ஸமாலெக்கோடு கோப்பை ஆட்டம். வேறு யாராக இருந்தாலும் சமாதானம் பேசியிருப்பார்கள். ஸாலிஹ் ஸலீம் அத்தனை பேரையும் ஒதுக்கிவிட்டு, ஜூனியர் பையன்களுக்குச் சட்டையைக் கொடுத்து மைதானத்துக்கு அனுப்பினார். பையன்கள் 3-2 என்று ஜெயித்தார்கள். தோற்றிருந்தால் அவர் பதவியே போயிருக்கும். இன்றும் எந்த வீரராவது சம்பளத்துக்காக முரண்டு பிடித்தால் அஹ்லாவிகள் முதலில் எடுப்பது அந்த 1985-ஐத்தான்.

2002 மே 6 அன்று அவர் இறந்தார். பத்து நாள் கழித்து ஸமாலெக்கோடு ஆட்டம். அஹ்லி 6-1 என்று வென்றது. காலித் பேபோ மட்டும் நான்கு கோல். அதில் ஒன்றுக்கு, பேபோ எதிரணித் தடுப்பாட்டக்காரர் பஷீரைத் தாண்டிப் போகும்போது டிவி வர்ணனையாளர் ‘பேபோ, பஷீர், பேபோ, பஷீர்’ என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போவார். எகிப்தில் சின்னப் பிள்ளைகூட அதை அப்படியே சொல்லிக்காட்டும்.

இந்த பேபோ வேறு, இப்போதைய தலைவர் மஹ்மூத் எல் கதீப் வேறு. அவருக்கும் ‘பீபோ’ என்றுதான் செல்லப்பெயர். 1983-ல் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர். 1982-லும் 1987-லும் அஹ்லி ஆப்பிரிக்கக் கோப்பையைத் தூக்கிய காலத்தின் நாயகன். 2017-ல் உறுப்பினர்கள் அவரைத் தலைவராக்கினார்கள். களத்தில் இருந்து தலைவர் நாற்காலிக்கு வருவது இங்கே ஒரு மரபாகவே ஆகிவிட்டது.

இவ்வளவு நேரம் சுவருக்கு உள்ளே இருந்தவர்களைப் பற்றிப் பேசினோம். வெளியே?

உறுப்பினர் ஆக வேண்டுமென்றால் கட்ட வேண்டிய தொகை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் மெக்கானிக் கடையில் வேலை பார்க்கும் பையனுக்கு கெஸிரா வாசலைத் தாண்ட வழி இல்லை. எந்தத் தேர்தலிலும் அவனுக்கு ஓட்டு இல்லை. ஆனால் அஹ்லியை அஹ்லியாக வைத்திருப்பது அவனைப் போன்ற கோடிக்கணக்கான பேர்தான். அவர்களுக்கு என்று ஓர் இடம் உண்டு. கெய்ரோ ஸ்டேடியத்தில் மூன்றாம் வகுப்பு டிக்கெட், இடது பக்கம். ‘தால்த்தா ஷிமால்’ என்பார்கள், ‘மூன்றாவது இடது’. வலது பக்க மூன்றாம் வகுப்பு ஸமாலெக் ரசிகர்களுக்கு. இருப்பதிலேயே விலை குறைந்த, கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சிமென்ட் படிக்கட்டுதான் எகிப்துக் கால்பந்தின் குரல். ‘தால்த்தா ஷிமால் மலையை அசைக்கும்’ என்று அவர்களே அவர்களைப் பற்றிப் பாடுவார்கள். டிக்கெட்டின் வகுப்பு பெருமையான பட்டப்பெயராக மாறியதை வேறு எங்கும் நான் கண்டதில்லை.

2007-ல் அங்கே இருந்த இளைஞர்கள் ‘அல்ட்ராஸ் அஹ்லாவி’ என்ற தீவிர ரசிகர் குழுவாகத் திரண்டார்கள். 90 நிமிஷமும் நின்றபடி பாட்டு, பெரிய பேனர்கள், தீப்பந்தங்கள். முபாரக் ஆட்சியில் நாலு பேர் கூடி நின்றாலே போலீஸ் வரும். கேலரியில் ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் பாடினார்கள். போலீஸோடு மோதல் அவர்களுக்கு வாராவாரம் பழகிப்போனது. 2011 ஜனவரியில் தஹ்ரீர் சதுக்கத்தில் புரட்சி வெடித்தபோது தடியடிக்கும் கண்ணீர்ப்புகைக்கும் ஓடாமல் நிற்கத் தெரிந்திருந்தது இவர்களுக்குத்தான். பிப்ரவரி 2 அன்று முபாரக் ஆதரவாளர்கள் ஒட்டகத்திலும் குதிரையிலும் வந்து கூட்டத்தை அடித்தார்களே, அன்று சதுக்கத்தைக் காத்து நின்றவர்களில் அஹ்லியின் அல்ட்ராஸும் ஸமாலெக்கின் ஒயிட் நைட்ஸும் உண்டு.

அந்த நாளுக்குச் சரியாக ஒரு வருஷம் ஆக ஒரு நாள் இருந்தது. 2012 பிப்ரவரி 1. போர்ட் ஸயீத் நகரில் அல் மஸ்ரி அணியோடு ஆட்டம். மஸ்ரி 3-1 என வென்றது. ஜெயித்த அணியின் ஆட்கள் தோற்ற அணியின் ரசிகர்கள் மீது ஏன் பாய வேண்டும்? விசில் ஊதியதும் பாய்ந்தார்கள். கையில் கத்தி, கம்பு. விளக்குகள் அணைந்தன. அஹ்லி ரசிகர்கள் இருந்த பக்கத்து வாசல் கதவு பூட்டியிருந்தது. கதவில் நெரிந்து செத்தவர்கள், மேலிருந்து தள்ளப்பட்டவர்கள், குத்துப்பட்டவர்கள். போலீஸ் நின்று பார்த்தது. அன்று செத்தவர்கள் 74 பேர். அதில் 72 பேர் அஹ்லி ரசிகர்கள், பலர் இன்னும் மீசை சரியாக அரும்பாத பையன்கள்.

அடிபட்டவர்களை அஹ்லியின் உடைமாற்றும் அறைக்குத் தூக்கி வந்தார்கள். ஆட்டம் முடிந்து சட்டைகூடக் கழற்றாத வீரர்கள் நடுவே தரையில் கிடத்தினார்கள். அதில் ஒரு பையன், தன்னைக் கையில் தாங்கியிருப்பவர் முகமது அபூ தரிகா என்று கண்டுகொண்டான். ‘கேப்டன், உங்களைப் பார்க்கணும்னு எப்பவும் ஆசைப்பட்டேன்’ என்றான். அவர் மடியிலேயே உயிர் போனது. அந்த இரவே அபூ தரிகா, பரக்காத், மித்அப் மூவரும் இனிமேல் விளையாடப் போவதில்லை என்று அறிவித்தார்கள்.

பிறகு திரும்பி வந்தார்கள். லீக் ரத்தாகிவிட்டது, ஸ்டேடியத்தில் ரசிகர்களுக்கு இடம் இல்லை. அந்த நிலையில் அதே 2012 நவம்பரில் துனிஸ் நகரின் ராதெஸ் ஸ்டேடியத்தில் எஸ்பெரான்ஸ் அணியை 2-1 என வென்று ஆப்பிரிக்கக் கோப்பையை எடுத்தார்கள். கிளப்பின் வரலாற்றில் எந்தக் கோப்பை பெரியது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். 2020-ல் ஸமாலெக்கையே இறுதிப் போட்டியில் வீழ்த்தியதைப் பலர் சொல்வார்கள். 86-வது நிமிஷத்தில் மக்தி அஃப்ஷா போட்ட கோல் அழகுதான், ஆனால் கொரோனா காலத்து ஸ்டேடியத்தில் அதைக் கொண்டாட ரசிகர் கூட்டம் இல்லை. 2012 கோப்பைக்குப் பின்னால் 72 வீடுகள் இருந்தன.

வழக்கு நீண்டது. 2013 ஜனவரியில் 21 பேருக்கு மரண தண்டனை விதித்தபோது போர்ட் ஸயீத் பற்றி எரிந்தது, அங்கேயும் முப்பதுக்கு மேல் செத்தார்கள். 2017-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 10 மரண தண்டனைகளை உறுதி செய்தது. அல்ட்ராஸ் அஹ்லாவி 2018-ல் தன்னைத் தானே கலைத்துக்கொள்வதாக அறிவித்தது. தால்த்தா ஷிமாலுக்கு ஆட்களை மறுபடி விடுகிறார்கள், அளந்து அளந்து, அடையாள அட்டை சரிபார்த்து.

அபூ தரிகாவைப் பற்றி ஒரு வார்த்தை. தத்துவத்தில் பட்டம் வாங்கியவர். 2004-ல் தெர்ஸானா கிளப்பில் இருந்து அஹ்லிக்கு வந்தார், சட்டை எண் 22. 2006 ஆப்பிரிக்க இறுதிப் போட்டியில், இதே ராதெஸில், ஆட்டம் முடிய நொடிகள் இருக்கையில் இடது காலால் அடித்த கோலில் கோப்பை அஹ்லிக்கு வந்தது. 2008 ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையில் கோல் போட்டுவிட்டுச் சட்டையைத் தூக்கினார். உள்ளே ‘காஸாவுக்கு அனுதாபம்’ என்று எழுதியிருந்தது. 1943-ல் தெத்ஷ் போன பாதையில் ஒருவர் தனியாக நடந்ததுபோல் இருந்தது எனக்கு. 2013-ல் ஆட்சி மாறியது, அதே வருஷக் கடைசியில் ஓய்வு பெற்றார். பிறகு அவர் பெயர் பயங்கரவாதப் பட்டியலில் ஏறியது, கத்தாரில் போய்த் தங்கிவிட்டார்.

ஆனால் அஹ்லி ஆடும்போது 22-வது நிமிஷம் வந்தால் பந்து எங்கே இருக்கிறது என்று கேலரி பார்ப்பதில்லை. ஊரில் இல்லாத அந்த மனிதரின் பெயரை எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். ஒரு நிமிஷம். அப்புறம் ஆட்டத்துக்குத் திரும்புவார்கள்.